முதுகில் துரு

வரப்பில் நின்ற பெண்களின் வரிசை இன்னும் ஓர் அடி நகர்ந்தது. அடுத்த கூடை ஞானாம்பாளுக்கு.

"குனி யக்கா, சட்டுனு," என்றாள் அவளுடைய ஜோடி பொன்னி. உப்பளத்தில் ஒருத்தி தூக்கிவிட்டால்தான் இன்னொருத்தி சுமக்க முடியும்.

ஞானாம்பாள் குனியவில்லை. முழங்காலை மடக்கித் தாழ்ந்தாள். புடவைக்கு மேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டைக்குள், ஆஸ்பத்திரியில் கொடுத்த பெல்ட் அவள் முதுகை வளையவிடாமல் இறுக்கியிருந்தது.

"போலீசு வேலைக்குப் போறவ கணக்கா நிமிந்து நிக்கிறத பாருங்கடி!" பின்னாலிருந்து சுலோசனா கத்தினாள். வரிசையே சிரித்தது. ஞானாம்பாளும் சேர்ந்து சிரித்துவைத்தாள்.

எலும்பு உளுத்துப்போயிருக்கிறது என்றார் பாண்டிச்சேரி டாக்டர். "வீட்ல உக்காரும்போது கட்டுங்க. பெல்ட்டையே நம்பாதீங்கம்மா, பயிற்சி செஞ்சு முதுகுச் சதைய பலப்படுத்தணும். சுமை மட்டும் தூக்கவே கூடாது." தாலி கட்டிய வருஷத்திலிருந்து உப்பு சுமக்கிறவளின் சதைக்கு இன்னும் என்ன பலம் வேண்டும் என்று அவளுக்கு விளங்கவில்லை. சுமக்காமல் எப்படிச் சோறு தின்பது என்று அவரும் சொல்லவில்லை. அதனால் பெல்ட்டை வீட்டில் அவிழ்த்துப் போட்டாள். உப்பளத்துக்குக் கட்டிக்கொண்டு வந்தாள். சவுக்குத் தோப்பில், பொன்னியைக் காவல் வைத்துவிட்டு. மேஸ்திரி சகாதேவன் கண்ணில் பட்டால் மறுநாளிலிருந்து வேலை கிடையாது.

கூடையை உப்பு அம்பாரத்தில் கவிழ்த்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏம்மா, நில்லு. முதுகுல என்னாது?" சகாதேவனின் குரல்.

ஈர உப்பிலிருந்து வழிந்த தண்ணீர் பட்டுப்பட்டு பெல்ட்டுக்குள் இருந்த தகடுகள் துருப்பிடித்திருந்தன. சுனாமி நிவாரணத்தில் கிடைத்த வெள்ளைச் சட்டையின் முதுகில் செம்பழுப்பாக இரண்டு கோடுகள்.

"ஒண்ணுமில்லீங்க."

"சட்டையத் தூக்கு."

லாரியில் உப்பு ஏற்றிக்கொண்டிருந்த ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தூக்கினாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"நீ வரப்புல உயுந்து தொலைச்சா மொதலாளிக்கு யாரு பதில் சொல்றது? வூட்டுக்குப் போ."

"உயமாட்டங்க. இது சும்மா கட்டினது. தேவையே இல்லீங்க."

பரக்கென்று பெல்ட்டின் ஒட்டுப்பட்டையைப் பிய்த்தாள். அந்தச் சத்தம் லாரிவரை கேட்டது. சொட்டச்சொட்ட இருந்த பெல்ட்டை அம்பாரத்தின் ஓரத்து உப்பின் மேலேயே வைத்துவிட்டு, விடுவிடென்று வரிசைக்குப் போனாள்.

"தூக்கி வுடுடி."

பொன்னி அவள் முகத்தைப் பார்க்காமல் தூக்கிவிட்டாள். கூடை தலையில் உட்கார்ந்ததும் முதுகில் ஏதோ நழுவியது. ஞானாம்பாள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். அம்பாரத்தை நெருங்கும்போது சகாதேவன் பதறி ஓடிவந்தான். கூடையை வாங்கத்தான் வருகிறான் என்று நினைத்தாள்.

"அறிவில்ல? வெள்ள உப்பு மேலயா வெப்ப? கற புடிக்காது?"

பெல்ட்டைக் காலால் எத்திவிட்டு, மண்டியிட்டு, சிவந்துபோன உப்பை மட்டும் இரண்டு கையாலும் பதமாக அள்ளி வெளியே போட்டான். அவன் நகரும்வரை, தலைச்சுமையோடு அவள் காத்து நின்றாள்.