நடுரோட்டில் விழுந்த பொட்டலம்

பழைய கடைவீதியை எப்படி மாற்றலாம் என்று கடைக்காரர்களிடம் கருத்துக் கேட்க நகராட்சியில் கூட்டம் போட்டிருந்தார்கள். சுவரில் தொங்கிய வரைபடத்தில் வீதி இரண்டு மடங்கு அகலமாகி, அதன் நடுவே கம்பித் தடுப்பு நீண்டு கிடந்தது. பார்த்ததுமே பட்டன்கடை அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இவ்வளவு அகலம் எதுக்கு? எதிர்க்கடை டெய்லர் பட்டன் கேட்டுக் குரல் கொடுத்தா, உக்காந்த இடத்துலேருந்தே பொட்டலத்தை வீசுவேன். நீங்க சொல்ற அகலத்துக்கு அது எங்க போய்ச் சேரும்?"

"இப்பவும் வீசுறீங்களாம்மா?" என்றார் அதிகாரி.

"இப்ப எதுக்கு வீசணும்? அவரையே கட்டிக்கிட்டு ரெண்டு கடையும் ஒண்ணாப் போச்சே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அம்மா விடவில்லை.

"அந்தக் காலத்துல ஒரு பொட்டலத்தையாவது ஒழுங்கா பிடிச்சிருப்பாரா இந்த மனுஷன்? பட்டனெல்லாம் சிதறி, நடுரோட்டுல ரெண்டு பேரும் குனிஞ்சு பொறுக்கினதுதான் மிச்சம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெய்லர் மெல்ல எழுந்தார்.

"அகலம் உங்க இஷ்டம் சார். நடுவுல அந்தக் கம்பி மட்டும் வேண்டாம். நான் பொட்டலத்தைப் பிடிச்சிருந்தா, இவ கடையை விட்டு இறங்கியே வந்திருக்க மாட்டா."