மூன்று முறை மூடும் உதடு

அவ கறுப்பா இருக்காளே, அப்ப அவதான் வில்லியா, என்று தங்கபுஷ்பம் கேட்கிறாள், திரையில் மொட்டைமாடி விளிம்பில் ஒரு கறுப்பினப் பெண் இரண்டு கைகளையும் விரித்து நிற்கிறாள், சாத்தூர்க் கொட்டகையில் எங்களுக்குப் புரியாத இங்கிலீஷ் படம், அரையாண்டுப் பரீட்சை முடிந்த மத்தியானம், எங்கள் இருவருக்கும் பத்து வயது, நான் தங்கபுஷ்பத்தின் குரலிலேயே பேசிக் காட்டுகிறேன், எங்க அக்காடி அவ, நாங்க ரெண்டு பேரும் ஒரே சட்டியில கருகுனவங்க, வரிசை முழுக்கச் சிரிக்கிறது, இருட்டில் அவள் முகம் தெரியவில்லை, அது எனக்கு வசதியாகவும் இருந்தது, பிறர் குரலில் பேசும் வரத்தைக் கடவுள் கொடுத்தார், நான் அதை முதலில் செலவழித்தது அப்படித்தான்.

இப்போதும் இருட்டுத்தான், சாலிகிராமத்தில் டப்பிங் அறை, காதில் ஹெட்போன், எதிரே வேறொரு படம், வேறொரு மாடி விளிம்பு, ஆனால் அதே விரித்த கைகள், அந்தக் கறுப்பினக் கதாநாயகியின் முதுகுக்குப் பின்னால் ஒரு சிறுமி, இவளைப் போன்ற நாயகிகளுக்குத் தமிழில் குரல் கொடுத்து எத்தனை வருஷம் உறுமியிருக்கிறேன், பஸ்ஸில் பள்ளிக்கூடப் பெண்கள் என் வசனத்தைச் சொல்லி ஒருத்தியை ஒருத்தி சண்டைக்கு அழைப்பதைக் கேட்டு உட்கார்ந்திருக்கிறேன், இன்றைக்குத் தாளில் இருக்கும் வசனம், இந்தக் கறுப்பியத் தாண்டிப் பாருடா, தம்பி, அவ இங்கிலீஷ்ல இப்படிச் சொல்லவே இல்லையே, என்கிறேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டப்பிங் டைரக்டர் இளங்கோ, சும்மா சொல்லுங்கக்கா, தியேட்டர்ல விசில் பறக்கும், நானே கறுப்புதான், எனக்கே கோவம் வரல, என்று சிரிக்கிறார், நான் தாளைக் கவிழ்த்து வைக்கிறேன், அவர் சிரிப்பு நிற்கிறது, வெளிய ரேணு உக்காந்திருக்கா, அவளையே இதப் பேசச் சொல்லட்டுமாக்கா, புகை நெடி வருகிறது, இல்லை, அது அன்றைக்குச் சாத்தூர்க் கொட்டகையில், படச்சுருள் தீப்பிடித்ததென்று யாரோ கத்த, கூட்டம் மொத்தமும் ஒரே கதவுக்குப் பாய்கிறது, நான் சுவரோரம் விழுந்து கிடக்கிறேன், மிதிக்க வரும் கால்களுக்கு முன்னால் தங்கபுஷ்பம், சற்றுமுன் திரையில் பார்த்தபடியே கைகளை விரித்து, முழங்கையில் ரத்தம் வழிய, பயப்படாத, பின்னால நில்லு, என்கிறாள், லீவு முடிந்து பள்ளி திறந்தபோது எல்லாரும் அவளைச் சட்டி என்றே கூப்பிட்டார்கள், நான் தடுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை, அந்த வருஷமே அவள் குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது.

இன்னொரு தடவ ஓட்டுங்க தம்பி, என்கிறேன், திரையில் அவள் உதட்டை மட்டும் பார்க்கிறேன், மூன்று முறை மூடித் திறக்கிறது, தாளில் இருக்கும் வசனத்துக்கு இரண்டே முறைதான் உதடு மூடும், ஒட்டாது தம்பி, நீங்களே சொல்லிப் பாருங்க, இளங்கோ முணுமுணுத்துப் பார்க்கிறார், அட ஆமா, வேற என்னதான்க்கா ஒட்டும், சிவப்பு விளக்கு எரிகிறது, பயப்படாத, பின்னால நில்லு, அது என் குரல் இல்லை, தங்கபுஷ்பத்தின் குரல், நச்சுனு உக்காந்துருச்சுக்கா, இதுவே இருக்கட்டும், காபி சொல்லிட்டு வரேன், என்று அவர் எழுந்து போகிறார், விளக்கு அணைகிறது, மைக் செத்துக் கிடக்கிறது, உறைந்து நிற்கும் திரையில் அவள் இன்னும் கைவிரித்தபடி, பின்னால் ஒளிந்திருக்கும் சிறுமிக்கு என் முகம், இல்லடி தங்கபுஷ்பம், என்று யாருக்கும் கேட்காமல் சொல்கிறேன், அவ வில்லி இல்ல.