மெத்தைக்கு அடியில் மூன்று பாக்கெட்

வாசலில் ஆட்கள் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, பேத்தி தாத்தாவின் மெத்தைக்கு அடியில் தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். தாத்தா முன்னறையில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார். விடியற்காலையில் யாரையும் எழுப்பாமல் தூக்கத்திலேயே போய்விட்டார். எண்பத்து நாலு வயது. நல்ல சாவு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வந்தவர்கள் உட்கார இடம் தேடினார்கள். பேத்திக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை. அவரைக் கொன்றதே தான்தான் என்று அவள் நம்பினாள்.

தாத்தாவுக்குச் சர்க்கரை வியாதி. அவருடைய மூத்த மகள், பேத்திக்கு அத்தை, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவர் தட்டில் விழும் சோற்றைக்கூட எண்ணிப் போடுகிறவள். அதனால் தாத்தா அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருந்தார். அந்த இன்ஸ்பெக்டரின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, ஆறு மாதமாகச் சனிக்கிழமைதோறும் விதைக்கடை வேலை முடிந்து வரும்போது பேத்தி ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட்டைப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இந்த வீட்ல மனுஷின்னா நீ ஒருத்திதான். மத்ததெல்லாம் வெறும் மருந்துச் சீட்டு," என்பார்.

சாயங்காலம் அவள் கொல்லைப்புறத்தில் செடிகளுக்குத் தண்ணீர் விடுவாள். அவர் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்துகொண்டு அதிகாரம் பண்ணுவார்.

"மிளகாய்க்கு ஊத்தச் சொன்னா காலுக்கு ஊத்திக்கிறியே, உன் கால்லயா மிளகா காய்க்கப் போகுது?"

"அப்போ நீங்களே வந்து ஊத்துங்க."

"எனக்குச் சுகர்ம்மா. குடம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

எந்த டாக்டரும் அப்படிச் சொன்னதில்லை. அவள் சிரித்துக்கொண்டே அடுத்த குடத்துக்குப் போவாள். இனி அதிகாரம் பண்ண ஆளில்லை. ஆனால் யார் கண்ணிலும் படுவதற்குள் முதலில் பாக்கெட்டை எடுத்தாக வேண்டும்.

கை மூன்று பாக்கெட்டுகளோடு வெளியே வந்தது. கிரீம் பிஸ்கட் அவளுடையது. மற்றவை ஒரு தேங்காய் பிஸ்கட், ஒரு நெய் பிஸ்கட். அவற்றை அவள் வாங்கவேயில்லை.

"அங்க என்னடி தேடுறே?"

அத்தை அறை வாசற்படியில் நின்றாள். பேத்தி முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தாள். தேங்காய் பிஸ்கட் கைநழுவிக் கீழே விழுந்தது. அத்தை அதையே பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அது நான் வாங்கினது," என்றாள்.

"அத்தை, நீங்களா?"

"எனக்குப் பொறந்ததுல நீ ஒருத்திதான் உருப்படின்னாரு. நான் என்ன பண்ணுவேன்?"

தாத்தாவின் நல்ல சட்டையை எடுக்க வந்த அப்பா, பேத்தியின் கையைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பினார்.

"நில்லுடா," என்றாள் அத்தை. "நெய் பிஸ்கட் உன் வேலையா?"

ஐம்பது வயது அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வாரத்துக்கு ஒண்ணுதான்க்கா."

"அப்போ வாரத்துக்கு மூணு." கணக்கு டீச்சர் பாக்கெட்டுகளை இன்னொரு தடவை எண்ணினாள். கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "நாமளே அவரை அனுப்பி வெச்சுட்டோமாடா தம்பி?"

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை பேத்திக்குப் பீறிட்டு வந்தது.

மாதம் இரண்டு தடவை தாத்தாவுக்கு ரத்தம் எடுக்க வரும் நர்ஸம்மா முன்னறையில் இருந்தாள். சத்தம் கேட்டு உள்ளே வந்தாள். அத்தை ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"போன வாரம்தானே பார்த்தேன்? என் சுகரைவிட அவருக்குக் கம்மி," என்றாள் நர்ஸம்மா. "வாரத்துக்கு மூணு பாக்கெட் சாப்பிட்ட ஒடம்பு அது இல்ல டீச்சர். வயசாச்சு, இதயம் போதும்னு நின்னுடுச்சு. நீங்க யாரும் ஒண்ணும் பண்ணல."

பேத்தி மூக்கை உறிஞ்சினாள். அப்பா மெதுவாகக் கேட்டார்: "அப்போ அவ்வளவு பிஸ்கட்டும் எங்க போச்சு?"

பேத்தி தன்னையறியாமல் கிரீம் பிஸ்கட் பாக்கெட்டை நசுக்கிக்கொண்டிருந்தாள். காகிதம் சரசரத்தது. உடனே ஜன்னல் கதவு வெளியிலிருந்து முட்டுப்பட்டுத் திறந்துகொண்டது. மகாராணியின் தலை உள்ளே வந்தது.

மகாராணி பால் வற்றிப்போன கிழட்டுப் பசு. ஜன்னலுக்கு நேர் வெளியேதான் அதைக் கட்டியிருந்தார்கள். யாரையும் சட்டை பண்ணாமல் அது தலையணைக்கு மேலே நாக்கை நீட்டியது. காற்று வரவில்லை என்று அடம்பிடித்து, தாத்தா கட்டிலை இந்தப் பக்கம் போடச் சொன்னது அத்தைக்கு இப்போதுதான் விளங்கியது.

"நாம வெக்கிற வைக்கோலுக்கு இவ இப்படிக் கொழுக்க மாட்டாளேன்னு அப்பவே நினைச்சேன்," என்றார் அப்பா.

பேத்தி தேங்காய் பிஸ்கட் ஒன்றைக் கொடுத்தாள். போன இடம் தெரியவில்லை. நெய் பிஸ்கட்டும் அப்படியே. கிரீம் பிஸ்கட்டை நீட்டினாள். மகாராணி முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"கெட்டுப்போச்சோ?" என்றார் அப்பா.

பேத்தி அதைத் திருகி இரண்டாகப் பிரித்தாள். கிரீம் ஒட்டாத பாதியை மகாராணி உடனே வாங்கிக்கொண்டது. கிரீம் இருந்த பாதியைத் தொடவில்லை. அசைபோட்டபடி பேத்தியின் வாயையே பார்த்துக் காத்திருந்தது.

பேத்தி ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு கிரீமைப் பல்லால் சுரண்டித் தின்றுவிட்டு, மிச்சத்தை நீட்டினாள். மகாராணி வாங்கிக்கொண்டது.

"அடப்பாவி மனுஷா," என்றாள் இன்ஸ்பெக்டர். சிரிப்பில் குலுங்கி, முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு, வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

"நேரமாச்சு, எல்லாரும் வாங்க," என்று முன்னறையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"வர்றோம்," என்று குரல் கொடுத்த அத்தை, எழுந்து ஜன்னலருகே போய்ப் பேத்தியிடம் கையை நீட்டினாள். "எனக்கும் ஒண்ணு பிரிச்சுக் குடு."