வளையத்தின் நடு

சனிக்கிழமை மத்தியானம் அக்கா ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கண்ணு போச்சுடா. இனிமே முடியாது."

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாக முடிவுகளைக் கணினியில் ஏற்றுகிறவள் அவள். அந்த வாரத்தில் மட்டும் மூன்று பேருடைய முடிவு வேறு மூன்று பேருக்குப் போய்விட்டது. அதில் ஒருவர், இல்லாத சர்க்கரைக்கு மாத்திரையே விழுங்க ஆரம்பித்துவிட்டாராம். கடிதத்தைத் திங்கட்கிழமை வரை டிராயரில் வைத்திருப்பதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். மனம் மாறினால் எடுத்துக்கொள்ளலாம்.

அவளுக்குப் பார்வையின் நடுப்பகுதி மெல்லத் தேய்கிறது. ஓரங்கள் தெரியும், நேராகப் பார்ப்பது கலங்கிவிடும். திரையில் மவுஸின் அம்பு அடிக்கடி தொலைந்துபோனதால், போன ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பதிலாக நானே பெரியதாய் ஒரு கர்சர் செய்து கொடுத்திருந்தேன்.

அது பெரிய வித்தை இல்லை. படத்தை வரைந்துகொண்டு, ஒரு கோப்பில் ஒரே வரி எழுதவேண்டும்: படத்தின் அளவு, இரண்டு எண்கள், படத்தின் பெயர். பிறகு கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால் கர்சர் தயார். சூட்சுமம் அந்த இரண்டு எண்களில் இருக்கிறது. கர்சர் எவ்வளவு பெரிதானாலும் கணினிக்கு அது ஒரே ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளி படும் இடத்தில்தான் கிளிக் விழும். படத்தின் இடது மேல் மூலையிலிருந்து வலப்பக்கம் எத்தனை, கீழே எத்தனை என்று அதற்கு நாம் சொல்லவேண்டும். அம்பின் நுனி மூலையை ஒட்டியே இருப்பதால் நான்கு, நான்கு என்று எழுதினால் போதும்.

நானும் முதலில் அம்புதான் வரைந்தேன். "அம்பு வேணாம்டா, அது எந்தப் பக்கம் பாக்குதுன்னே தெரியல. வளையமா போடு, நடுவுல வர்றத அமுக்கிக்கிறேன்," என்றாள். தொண்ணூற்றாறு புள்ளி அகலத்தில் மஞ்சள் வளையம் வரைந்தேன். பெரிய பொத்தான்கள் மேல் வைத்து அமுக்கிப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. பரிசோதனைக் கூடத்துக் கணினியிலும் நானே போய் ஏற்றிவிட்டு வந்தேன்.

"எப்பவும் கிளிக்கு ஒரு வரி மேலயே போகுதுடா," என்றாள் அக்கா, நாற்காலியில் இருந்தபடியே. " பூதக்கண்ணாடி வச்சுப் பாத்துப் பாத்து மாத்துனேன். மூணு தப்பிருச்சு."

"கீழ போகாதா?"

"போகாது. மேலதான்."

கண் தவறினால் நாலா பக்கமும் தவறும். ஒரே பக்கம் தவறினால் பிசகு எண்ணில்தான். கோப்பைத் திறந்தேன். படத்தின் பெயரை மாற்றியிருந்தேன், எண்களை மாற்றவில்லை. வளையத்தின் நடு நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு. நான் விட்டிருந்தது நான்கு, நான்கு. வித்தியாசம் நாற்பத்து நான்கு புள்ளி. அவள் பெரிதாக்கி வைத்திருக்கும் நோயாளிகளின் பெயர்ப் பட்டியலில் அது ஒரு வரி.

"அக்கா, தப்பு உன் கண்ணுல இல்ல. நான் பண்ணது."

விளக்கிச் சொன்னேன்.

"எருமை. நாலு நாளா நான் கண்ண மூடிக்கிட்டு பாத்ரூமுக்கு நடந்து பழகிட்டிருக்கேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு என் மேசைக்கு வந்தாள். எண்களைத் திருத்தி, கூடத்தில் உள்ளது போலவே ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தேன். நான் வரிசை எண் சொல்ல, அவள் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் தேடி அமுக்கினாள். ஏழு, சரி. மூன்று, சரி. பதினொன்று, சரி.

"திங்கக்கெழம மொத வேலையா லெட்டர வாங்கிக்கிறேன். அந்த மனுசன் கிழிச்சுப் போட்டிருந்தாலும் ஒட்டி வாங்குவேன்."

ஐந்து என்றேன். ஆறில் விழுந்தது. ஒன்பது என்றேன். சரியாக விழுந்தது. இரண்டு என்றேன். நான்கில் விழுந்தது.

"என்னடா, பேச்சக் காணோம்?"

இந்தத் தடவை தவறியது கீழே, ஒரு முறை ஒரு வரி, ஒரு முறை இரண்டு வரி.

"இன்னும் அந்த நம்பர் சரியில்லையோ?" என்றாள், திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல்.

"இரு, பாக்கறேன்."

கோப்பைத் திறந்தேன். நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு. ஒன்றை அழித்து, அதே இடத்தில் அதையே தட்டினேன். மறுபடி அழித்தேன், மறுபடி தட்டினேன். அக்கா மவுஸின் மேலிருந்து கையை எடுக்காமல், விசைகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தாள்.