கோட்டைக்குள் ஒளித்து வைத்த ஆடு

நாளைக்குப் பந்தயத்தில் ஓடப்போகிற உங்கள் ஆட்டைப் பார்த்து ஒருத்தர், "அடேயப்பா, என்ன காலு!" என்று வாயாரப் புகழ்ந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

டொபேகோத் தீவின் பக்கூ ஊரில் இதற்கு ஒரே பதில்தான். ஆட்டைக் கொண்டுபோய் ஒளித்து வைப்பார்கள். ஈஸ்டர் செவ்வாயன்று அங்கே ஆட்டுப் பந்தயம். அதற்கு முந்தின நாள் காலையில் ஆன்சிலின் எதிர்வீட்டு ஆஸ்ரிக் வேலியோரம் நின்று மேஜர் என்ற ஆட்டின் கால்களைப் புகழ்ந்துவிட்டுப் போனான். ஆஸ்ரிக்கின் ஆடும் அதே பந்தயத்தில் ஓடுகிறது.

மேஜர் ஆன்சிலுடைய ஆடு இல்லை, அக்கா மெர்லுடையது. தாய் செத்துப்போன குட்டியை அடுப்படியில் படுக்கவைத்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் அவள். போன வருஷம் வரை பந்தயத்தில் ஆட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓட வெளியாளைத்தான் கூப்பிட்டாள். "உனக்குக் கவனம் பத்தாதுடா" என்பாள். இந்த வருஷம்தான் மனசு வந்து தம்பி கையில் கயிற்றைக் கொடுத்திருந்தாள்.

கண்படாமலிருக்க, துணிக்குப் போடும் நீலத்தைக் குழைத்து மேஜரின் நெற்றியில் அப்பியிருந்தாள். ஆஸ்ரிக்கின் கண்ணுக்கு அது போதாது என்று பட்டது ஆன்சிலுக்கு. "மலையேத்தி நடத்திட்டு வரேன்க்கா" என்று சொல்லி, ஒரு காய்கறி வண்டியில் ஆட்டை ஏற்றிக்கொண்டு ஸ்கார்பரோ நகரத்துக் கோட்டைக்குப் போய்விட்டான். ஈஸ்டர் திங்களன்று பக்கூக்காரன் கடற்கரைக்குத்தான் போவான், கோட்டைக்கு வரமாட்டான்.

கோட்டை மேட்டில் வெளியூர்க்காரர்கள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். பீரங்கிகள் வழக்கம்போலக் கடலைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. பழைய வெடிமருந்து அறைக்குள் குளிர்ச்சியாக இருந்தது. மேஜரை அங்கே கட்டிவிட்டு, இரும்புக் கதவைச் சாத்திவிட்டு, சிரப்பு ஊற்றிய ஐஸ் வாங்க வாசலுக்குப் போனான். அங்கே கூட்டம்.

திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. உள்ளே கடித்துத் துப்பிய கயிற்றுத் துண்டு மட்டும்தான்.

போன் அடித்தது. அக்கா. அவன் எடுக்கவில்லை. ஐஸைப் போட்டுவிட்டு ஓடினான். பீரங்கிக்குப் பின்னால் பார்த்தான், கலங்கரை விளக்கைச் சுற்றிப் பார்த்தான். எங்கும் இல்லை. அப்போதுதான் அந்த வாசனை வந்தது. ஆட்டுக்கறி.

மரத்தடியில் பக்கத்துத் தீவான டிரினிடாடிலிருந்து கப்பலில் வந்த குடும்பம் ஒன்று. பெரிய சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பருத்த அம்மாள், ராஜ்தாய், அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? பசியா?"

"சட்டியில என்ன?"

"ஆட்டுக்கறி. உக்காரு, ரொட்டி தரேன்."

ரொட்டியை எடுத்த கையைப் பார்த்தான். உள்ளங்கை முழுக்க நீலம்.

"கையில... அது என்ன?"

"ஆட்டு நெத்தியில இருந்து ஒட்டினதுப்பா. கழுவிக் கழுவிப் பாத்தேன், போக மாட்டேங்குது."

ஆன்சில் அப்படியே தரையில் உட்கார்ந்தான். "அம்மா, அது கறிக்கு வெட்டுற ஆடு இல்ல. எங்கக்கா புட்டிப்பால் குடுத்து வளத்தது. நாளைக்கு ஓடணும். நான் எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போவேன்?"

ராஜ்தாய் சட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு உடம்பு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏங்க, இங்க வாங்க! கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள நாம ஆட்டைப் புடிச்சு, உரிச்சு, மசாலா போட்டு வேகவும் வெச்சுட்டோமாம்!"

மதில் பக்கமிருந்து அவள் புருஷன் வந்தார். கையில் அவருடைய இடுப்பு பெல்ட். பெல்ட்டின் மறுமுனையில் மேஜர், ஒரு பட்டத்தின் துணிவாலை மென்றுகொண்டு.

"இந்தக் கறி நேத்தே வெந்தது, மடையா" என்றாள் ராஜ்தாய். "எம் பேரன் கதவைத் திறந்தான், இது பாஞ்சு வெளிய வந்துச்சு. நெத்தியில நீலத்தத் தொட்டுப் பாத்தேன். யாரோ ஆசையா வளக்கிறதுன்னு புடிச்சுக் கட்டச் சொன்னேன். ஆனா ஒண்ணு, இதுக்கு என்ன கா..."

"சொல்லாதீங்கம்மா!" என்று அலறினான் ஆன்சில்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, தூ தூ என்று துப்பினாள்.

அவன் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். போன் மறுபடியும் அடித்தது.

"எங்கடா தொலைஞ்சே? மேஜர் எங்க?"

"எம் மடியிலதான்க்கா."

"எதாச்சும் தின்னுச்சா?"

பட்டத்து வாலின் கடைசித் துண்டு மேஜரின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. "நல்லாத் தின்னுச்சுக்கா."

ராஜ்தாய் கொடுத்த தட்டில் கறியை ஓரமாகத் தள்ளிவிட்டு, உருளைக்கிழங்கை மட்டும் ரொட்டியோடு தின்றான். மேஜர் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை மெர்ல் கயிற்றின் கடிபட்ட முனையைப் பார்த்தாள், புதுக் கயிறு கட்டித் தம்பி கையில் கொடுத்தாள். மேஜர் நான்காவதாக வந்தது. ஆஸ்ரிக்கின் ஆடு ஐந்தாவது.