மீட்டரில் முழுப் பூஜ்யம்

"டக்."

அவ்வளவுதான். சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு டக். அதற்கு மேல் பேச அந்தச் சிவப்பு டிராக்டருக்கு விருப்பமில்லை.

பிரேமலா சாவியை விட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி திருப்பினாள். டக். முன்விளக்குகள் இரண்டும் செத்தன. கையை எடுத்ததும் ஒன்றும் நடக்காதது போல் பளிச்சென்று எரிந்தன.

மணி பத்து இருபது.

பன்னிரண்டுக்குள் இந்த வண்டி ஐயாசாமியின் முன்னால் போய் நிற்க வேண்டும். ஐயாசாமி, ஜொகூரில் யோங் பெங் பக்கத்தில் நாற்பது ஏக்கர் செம்பனைத் தோட்டத்தில் வேலைகளை மேற்பார்க்கும் மண்டோர். நேற்று வெட்டிய பழக்குலைகள் தோட்டத்துக்குள் மரத்தடியிலேயே கிடந்தன. நான்கு நாள் மழையில் மண் கஞ்சியாகிவிட்டது. லோரி உள்ளே இறங்கினால் புதைந்துவிடும். டிராக்டரில் டிரெய்லரைக் கட்டித்தான் குலைகளை ரோட்டுக்கு இழுத்து வரவேண்டும். எண்ணெய் ஆலைக்குப் போகும் லோரி ஒரு மணிக்கு வரும். வெட்டிய குலை இன்னொரு நாள் கிடந்தால் ஆலைக்காரன் முகத்தைச் சுளிப்பான்.

பிரேமலாவுக்கு இதுதான் முதல் நாள். இதில் கோட்டை விட்டால் ஒரு வருஷத்துக்குப் பேசி வைத்த வேலை மொத்தமும் போய்விடும். இதை நம்பித்தான் சிங்கப்பூரில் பதினோரு வருஷம் பார்த்த தொழிற்சாலை வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அங்கே அவளுடைய நாற்காலியில் இந்நேரம் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள்.

"என்னங்க, பேட்டரி முனைய டைட் பண்ணீங்களா இல்லையா?"

"பண்ணிட்டேன், பண்ணிட்டேன்! இதோட ஆறாவது தடவ. இன்னும் முறுக்கினா உடைஞ்சுதான் போவும்." டிராக்டருக்கு அடியிலிருந்து காளிதாஸின் குரல் வந்தது. பள்ளி வேன் ஓட்டும் புருஷன். இன்றைக்கு லீவு போட்டுவிட்டு மண்ணில் புரண்டுகொண்டிருந்தான்.

"பின்ன ஏன் ஸ்டார்ட் ஆவல?"

"அத வண்டிகிட்ட கேளுலா. எங்கிட்ட கேட்டா?"

இந்தக் கூத்து வெள்ளிக்கிழமை ஆரம்பித்தது. நல்ல நேரம் பார்த்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சொந்தக்காரர்கள் முப்பது பேரைக் கூட்டி வைத்துப் பூசை போட்டார்கள். சூடம் காட்டி முடித்ததும் பிரேமலா புதுச்சேலையோடு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். டக். பழத்தை நசுக்க வேண்டிய சக்கரம் அசையவில்லை. கடைசியில் பத்துப் பேர் பின்னால் நின்று தள்ளி நசுக்கினார்கள். கூட்டத்தில் யாரோ சிரித்ததை அவள் இன்னும் மறக்கவில்லை.

அன்றைக்கே புது பேட்டரி வந்தது. டக். சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரரின் ஹைலக்ஸ் பிக்கப்பைக் கொண்டுவந்து, பேட்டரிக்குப் பேட்டரி கேபிள் மாட்டிப் பார்த்தார்கள். டக். ஸ்டார்ட்டரைக் கழற்றி டவுனுக்கு எடுத்துப் போனார்கள். கடைக்காரன் மேசையில் வைத்துக் கரண்ட் கொடுத்ததும் அது பேய் மாதிரி சுற்றியது. திரும்பக் கொண்டுவந்து மாட்டினார்கள். டக். எர்த், அதாவது பேட்டரி மைனஸை எஞ்சினோடு சேர்க்கும் இணைப்பு, கோளாறாக இருக்குமோ என்று காளிதாஸ் நேற்று மீட்டர் வைத்துப் பார்த்தான். வழியில் இழப்பே இல்லை என்று பூஜ்யம் காட்டியது. எர்த் சுத்தமாக இருக்கிறது என்று அந்தப் பேச்சும் அங்கேயே முடிந்தது.

மிச்சம் ஒரே ஒரு குற்றவாளிதான். மூவாரில் இந்தப் பழைய வண்டியை விற்ற ஷாஹித். ஜொகூர் டிராக்டர்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவன் பெயரைப் போட்டு பிரேமலா மூன்று நாளாக வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள். முன்னூறு பேர் இருக்கும் குழு அது.

கைபேசி அலறியது. ஐயாசாமி.

"தங்கச்சி, வர்றியா, வரலியா? ஒரு வார்த்த சொல்லிடு."

"வந்துகிட்டே இருக்கேண்ணே."

"வண்டிச் சத்தமே கேக்கலியே. கோழி கத்துறதுதான் கேக்குது. தோ பாரு, மூர்த்தியக் கூப்ட்டுட்டேன். பதினொன்றரைக்கு அவன் டிராக்டரு வந்துரும். பழம் அழுகினா தோட்டத்து மொதலாளி தவுக்கே என்னையத்தான் கேப்பாரு, ஒன்னைய இல்ல."

"அண்ணே, பன்னெண்டு மணின்னு சொன்னீங்களே!"

"பன்னெண்டுக்குள்ள வந்தா பாப்போம்லா." வைத்துவிட்டார்.

பிரேமலாவுக்குக் காது மடல் கொதித்தது. யார் மேலாவது பாய வேண்டும். ஷாஹித்தைக் கூப்பிட்டாள்.

"டேய், மனசாட்சி இருக்கா ஒனக்கு?"

"அக்கா, சத்தியமாச் சொல்றேன், லோரியிலேருந்து எறக்குறப்ப ஒரே சாவியில ஸ்டார்ட் ஆச்சு. நீங்கதானே ஓட்டி உள்ள விட்டீங்க?"

அது உண்மைதான். அந்த உண்மைதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"குரூப்புல என்னைய நாறடிச்சிட்டீங்க, பரவால்ல. எனக்காக ஒண்ணே ஒண்ணு பாருங்க. மீட்டர்ல ஒரு ஊசிய பேட்டரி மைனஸ்ல வைங்க. இன்னொண்ண எஞ்சின்ல வைங்க. சாவியத் திருப்பச் சொல்லிட்டு நம்பரப் பாருங்க."

"அதெல்லாம் நேத்தே பாத்தாச்சு. சைபரு."

"இன்னொரு வாட்டி பாருங்கக்கா. நீங்களே பாருங்க."

மீட்டரை எடுத்துக்கொண்டு குனிந்தாள். ஒரு ஊசி பேட்டரியில். இன்னொன்று எஞ்சினின் பளபளக்கும் வயிற்றில். காளிதாஸ் ஏறிச் சாவியைத் திருப்பினான். டக்.

0.00

"பாத்தியா? நேத்தும் இதான் காட்டுச்சு," என்றான் காளிதாஸ் மேலிருந்து.

பிரேமலா நிமிரவில்லை.

பதினோரு வருஷம் அவள் செய்த வேலை அதுதான். தகடு தகடாக வரும் சர்க்யூட்டில் ஊசி வைத்து நம்பர் பார்ப்பது. ஒரு நாளைக்கு நானூறு தகடு. கரண்ட் ஓடும் இடத்தில் மீட்டர் ஒரு நாளும் சும்மா இருக்காது. எவ்வளவு நல்ல இணைப்பானாலும் ஒரு துளி காட்டும், கடைசி எண் துடிக்கும். ஆடாமல் அசையாமல் முழுப் பூஜ்யம் நின்றால் அவள் லைனில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஊசி எதையும் தொடவில்லை.

ஊசியைத் திருப்பி முனையைப் பார்த்தாள். முனையில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

பெயிண்ட்.

சமையலறைக்கு ஓடி, கத்தியோடு திரும்பி வந்தாள்.

"ஏய், ஏய்! என்ன பண்ற? மூணு கோட்டு அடிச்ச பெயிண்ட்டு!"

"சாவியப் பிடிங்க."

கரகரவென்று சுரண்டினாள். விரல் நகமளவுக்கு வெள்ளை இரும்பு தெரிந்தது. அதில் ஊசியை அழுத்தினாள். "திருப்புங்க!"

டக்.

10.9

பேட்டரியின் பலம் மொத்தமும் அங்கேதான் மாட்டிக்கொண்டிருந்தது. பேட்டரிக்கும் இரும்புக்கும் நடுவே, எர்த் கேபிளை முடுக்கிய இடத்தில். விளக்கெரியும் அளவுக்குத்தான் அது கரண்ட்டை விட்டது. ஸ்டார்ட்டர் கேட்டால் வழிவிடவில்லை. ஹைலக்ஸைக் கொண்டுவந்து மாட்டியபோதும் அதே பாழாய்ப்போன இணைப்பு வழியாகத்தான் மாட்டியிருந்தார்கள்.

அங்கே பெயிண்ட் எப்படி வந்தது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. பூசைக்கு முன் ஒரு வாரம் பின்கட்டில் நிறுத்தி வைத்து, கேபிளைக் கழற்றி, மூலை முடுக்கு விடாமல் ஸ்ப்ரே அடித்தது அவள். "போல்ட்டு ஓட்டைய விட்டுடுலா, இரும்பு இரும்பத் தொடணும்" என்று காளிதாஸ் சொன்னான். "சாமி முன்னாடி அரைகுறையா நிக்கக் கூடாது" என்று அந்த ஓட்டையைச் சுற்றி இன்னும் ஒரு கோட்டு கூடுதலாக அடித்ததும் அவள்தான்.

காளிதாஸ் கீழே இறங்கி அந்த இடத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். உதடு துடித்தது.

"சொல்லிடுங்க," என்றாள். "வாய்க்குள்ளயே வெச்சிருந்தா வயிறு வெடிச்சிரும்."

"இப்ப வேணாம். வண்டி கெளம்பட்டும். சாவகாசமா, காப்பி குடிச்சிக்கிட்டு சொல்றேன்."

போல்ட் கழன்றது. இரும்பை அவள் சுரண்டினாள், கேபிள் முனையை அவன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். அவசரத்தில் ஸ்பேனர் நழுவி பிரேமலாவின் விரல் முட்டியைப் பெயர்த்தது. ரத்தத்தைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு முடுக்கினாள். மணி பதினொன்று இருபது.

சாவியைத் திருப்பினாள்.

அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல். கரும்புகை. கோழிகள் நாலாபக்கமும் சிதறின.

அவள் சிரிக்கவில்லை. கைபேசியை எடுத்து அந்த முன்னூறு பேர் குழுவில் குரல் பதிவாகப் பேசினாள். "நான் பிரேமலா. ஷாஹித் மேல ஒரு தப்பும் இல்ல. பெயிண்ட்டு மேலயே எர்த் மாட்டினது நான். திட்டுறவங்க என்னையத் திட்டுங்க." அனுப்பிவிட்டுப் பையில் போட்டாள். உடனே அது விட்டு விட்டு அதிரத் தொடங்கியது. ஓடும் எஞ்சினை நிறுத்தாமல் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

தோட்டத்து வாசலுக்குப் போனபோது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். மூர்த்தியின் டிராக்டர் ஒரு லோட்டை இறக்கிவிட்டு அடுத்த நடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஐயாசாமி குடைக்கடியில் நின்றார்.

"நேரத்துக்கு வந்துட்டேண்ணே."

"வந்தது சரி. ஆஃப் பண்ணு."

"என்னது?"

"ஆஃப் பண்ணு தங்கச்சி. தள்ளி ஸ்டார்ட் பண்ணிக் கொண்டாந்தியா, யாரு கண்டா? சதுப்புல நடுவுல நின்னு போச்சுன்னா ஒன் வண்டிய இழுக்க இன்னொரு வண்டி கேப்ப. ஆஃப் பண்ணிட்டு, என் கண்ணு முன்னாடி ஸ்டார்ட் பண்ணு."

சுரண்டியது போதுமா? கேபிள் வழியில் குலுங்கித் தளர்ந்திருந்தால்? மூர்த்தி வேறு வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான்.

எஞ்சினை நிறுத்தினாள். தோட்டம் அமைதியானது. மழைநீர் ஓலையிலிருந்து சொட்டுவது கேட்டது.

சாவி. திருப்பு.

உறுமல்.

ஐயாசாமி தலையை ஆட்டினார். "பின்னால எட்டு ஏக்கர் இருக்குல்ல, தண்ணி நிக்கிற துண்டு? அத எடுத்துக்க. முன்னால மூர்த்தி பாக்கட்டும், கூப்ட்டாச்சு, திருப்பி அனுப்ப முடியாது."

"அண்ணே, நாப்பது ஏக்கருன்னு பேசினோம்!"

"பேசினோம். மூர்த்தியக் கூப்புடுறதுக்கு முன்னாடி வந்திருந்தா நாப்பதும் ஒனக்குத்தான்."

அவள் கியரைப் போட்டாள். தலைப்பில் ரத்தக்கறை காய்ந்திருந்தது. மூர்த்தி ஒதுங்கி வழிவிட்டான். அந்தத் தண்ணீர்த் துண்டு வேண்டாம் என்று அவன் போன வருஷமே கையெடுத்துக் கும்பிட்டவன்.

முதல் டிரெய்லரை அவள் ரோட்டுக்கு இழுத்து வந்தபோது பன்னிரண்டு ஐம்பது. முழங்கால் வரை சேறு. லோரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு?" என்று கேட்டாள்.

"ஏழு மணிக்கு வா," என்றார் ஐயாசாமி. "எத்தன ஏக்கருன்னு அப்ப சொல்றேன்."

"ஆறரைக்கே இங்க நிப்பேன். மூர்த்திக்குப் போன் போடுறதுக்கு முன்னாடி என் வண்டிச் சத்தத்தக் கேளுங்க."

அவர் பதில் சொல்வதற்குள் காலி டிரெய்லரைத் திருப்பிக்கொண்டு அடுத்த லோட்டுக்காகச் சேற்றில் இறங்கினாள்.