ஊல்ஜான் எஜே எப்படிப் பிழைக்கிறாள்

பதில் சொல்ல பெர்மெட்டுக்கு எழுபத்திரண்டு மணி நேரம் இருந்தது. விளம்பர ஏஜென்சி மேலாளர் மாக்சத் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு அழைத்து, வெள்ளி மாலை ஐந்துக்குள் முடிவு சொல் என்றான். வருவதானால் திங்கட்கிழமை பழைய மேஜை. வராவிட்டால் அந்த மேஜை வேறு ஒருத்திக்கு. தயிர் டப்பாவுக்கும் டயர் கடைக்கும் அவளைப் போல் பிஷ்கெக் நகரில் யாரும் வரைவதில்லை என்று பாராட்டிவிட்டு, "ரெண்டு வருஷம் ஓவியரா இருந்து பாத்தாச்சுல்ல பெர்மெட், ஆசை தீந்திருக்கும், வா" என்று முடித்தான். அவன் குரலில் கேலி இல்லை. அதுதான் அவளை உறுத்தியது.

தீர்ந்தது ஆசை அல்ல, சேமிப்பு. இரண்டு வருஷத்தில் விற்ற படங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். குளிர் தொடங்கிவிட்டது. ஸ்டூடியோ வாடகையில் பாதி அவளுடையது. அப்படியும் அவள் உடனே சரி என்று சொல்லாததற்குக் காரணம், மீதிப் பாதி வாடகையைத் தருகிற ஊல்ஜான்.

ஊல்ஜான் அவளைவிட எட்டு வயது மூத்தவள் என்பதால் பெர்மெட் அவளை எஜே என்றுதான் கூப்பிடுவாள். ஊல்ஜானுக்கு சம்பளம் கிடையாது, புருஷன் கிடையாது, கை கொடுக்க வசதியான அண்ணன் தம்பி கிடையாது. பன்னிரண்டு வருஷமாக வரைந்தே வாழ்கிறாள் என்று ஓவியர்கள் குடியிருக்கும் அந்த நான்கு மாடிக் கட்டடம் முழுக்கப் பேச்சு. ஏரிக்கரையில் இரண்டு குதிரை, பூத்த மரத்தடியில் இரண்டு குதிரை என்று ஜோடி ஜோடியாக வரைவாள். கல்யாணப் பரிசாக வாங்கிப் போவார்கள். அவள் படம் மாட்டிய வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை நீளாது என்று எப்படியோ ஒரு நம்பிக்கை கிளம்பியிருந்தது. மற்ற நேரத்தில், யாரும் வாங்கப் போவதில்லை என்று அவளுக்கே தெரிந்த பெரிய பெரிய படங்களை மாதக்கணக்கில் அவசரமில்லாமல் வரைந்துகொண்டிருப்பாள். அந்த அவசரமின்மையைப் பார்க்கும்போதெல்லாம் பெர்மெட்டுக்கு வயிறு எரியும்.

கணக்கு இடித்தது. எத்தனை குதிரை விற்றாலும் வாடகைக்கும் வண்ணத்துக்கும் போக ரொட்டிக்கு மிஞ்சாது. ஊல்ஜானோ ஒரு மாதமும் வாடகைக்குத் தவணை கேட்டதில்லை. அவளால் ஓவியத்தில் பிழைக்க முடிகிறது என்றால் தன்னாலும் முடியும், எப்படி என்று கற்றுக்கொண்டால் போதும். வேறு எதிலோ சம்பாதித்துக்கொண்டு ஓவியர் வேஷம் கட்டுகிறாள் என்றால், மாக்சத்துக்கு இப்போதே போன் செய்துவிடலாம். பெர்மெட்டுக்கு இந்த ஒன்று தெரிய வேண்டும்.

நேராகவே ஒருமுறை கேட்டிருக்கிறாள். ஊல்ஜான் கிண்ணத்தில் டீ ஊற்றிக்கொண்டே, "மலைக்காத்து சும்மாதானே கிடைக்குது, அதைக் குடிச்சுக்குறேன். உனக்கும் ஒரு கிண்ணம் ஊத்தவா?" என்றாள். அதற்கு மேல் கேட்க பெர்மெட்டுக்கு வாய் வரவில்லை.

வாய் மூடியதும் கண் திறந்துகொண்டது. செவ்வாயும் சனியும் ஊல்ஜான் ஸ்டூடியோவுக்கு வருவதில்லை. மறுநாள் வரும்போது நகக்கண்ணிலும் நெற்றி முடியோரத்திலும் சாம்பல் நிறத் தூள் ஒட்டியிருக்கும். அது வண்ணத்தூள் இல்லை, பெர்மெட் விரலில் தேய்த்துப் பார்த்திருக்கிறாள். அவள் தோள்பையைக் கீழே வைத்தால் இரும்புச் சத்தம் கேட்கும். பை ஒருநாள் திறந்து கிடந்தபோது உள்ளே ஒரு பூதக்கண்ணாடியும் பேனா மாதிரிப் பிடிபோட்ட கூர்மையான ஊசிகளும் தெரிந்தன. போன் வந்தால் நடைவழிக்குப் போய்ப் பேசுவாள். நடைவழிச் சுவர் மெல்லியது. பிறந்த தேதி அப்படியே இருக்கட்டுமா, பேரில் ஒரு எழுத்து மாற்ற வேண்டுமா, இப்போதே சொல்லிவிடுங்கள், அப்புறம் அழிக்க முடியாது என்று யாரிடமோ தணிந்த குரலில் சொல்வது பெர்மெட் காதில் விழுந்தது.

எல்லாவற்றையும்விட, ஊல்ஜான் அலமாரியில் வைத்திருந்த அந்த பிஸ்கட் டப்பா. அதைத் திறக்குமுன் கை கழுவுவாள். உதடு அசையும். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைத் தடவிக்கொள்வாள். திருட்டு வேலைக்கும் துஆ கேட்கிறாளா என்று பெர்மெட் நினைத்ததுண்டு.

செவ்வாய் மாலை மாக்சத்தின் போனை வைத்த கையோடு அவள் அந்த டப்பாவைத் திறந்தாள்.

உள்ளே முழுக்க முகங்கள். பாஸ்போர்ட் அளவுப் படங்கள், கூட்டமாக எடுத்த படங்களிலிருந்து வெட்டிய தலைகள். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் ஒரு பெயர். ஒருவரின் பனியன் மேல் பேனாவால் கோட்டும் டையும் வரையப்பட்டிருந்தது. முகம், பெயர், தேதி, பூதக்கண்ணாடி, ஊசி. ரஷ்யாவுக்குள் நுழையத் தடை விழுந்தவர்கள் வேறு பேரில் திரும்பிப் போக வழி தேடுவது ஊரறிந்த கதை. அவர்களுக்கு யாரோ ஒருத்தர் பாஸ்போர்ட் செய்துதானே ஆக வேண்டும். ஸ்டூடியோ ஒப்பந்தத்தில் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

மூடி வைக்கப் போனவளை ஒரு படம் நிறுத்தியது. ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண். சிரிப்பை மறைக்கக் கையைத் தூக்கியிருந்தாள், கை வந்து சேர்வதற்குள் படம் எடுத்துவிட்டார்கள். முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருந்தது.

பெர்மெட்டின் ஓவியத் தாங்கியான ஈசலில் கோடையிலிருந்து ஒரு படம் முடியாமல் நின்றது. மணப்பெண்ணின் தலையில் வெள்ளைத் துணி கட்டிவிடும் பெண்கள். மணப்பெண் சரியாக வந்திருந்தாள். கட்டிவிடும் மூத்தவளுக்குத்தான் முகம் அமையவில்லை, நாலைந்து தடவை சுரண்டி எடுத்தாகிவிட்டது. புதன்கிழமை காலை அவள் டப்பாவைத் தொடவில்லை. தொட வேண்டியிருக்கவில்லை, அந்தச் சிரிப்பு கண்ணுக்குள்ளேயே இருந்தது. மதியத்துக்குள் முகம் வந்துவிட்டது. இரண்டு கையும் துணியில் மாட்டிக்கொண்டதால் வாயை மறைக்க முடியாமல் சிரிக்கிற ஒருத்தி. தள்ளி நின்று பார்த்தபோது பெர்மெட்டுக்கே கூச்சமாக இருந்தது. அவள் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான்.

ஊல்ஜான் வந்தாள். பையை வைத்தாள், இரும்புச் சத்தம் கேட்டது. கோட்டைக் கழற்றப் போனவள் பாதியில் நின்றாள்.

"இந்த முகம் எங்க கிடைச்சுது?"

"பஜார்ல பாத்த ஒரு அம்மா."

"எந்த பஜார்ல?"

"ஓஷ் பஜார்ல, எஜே. காய்கறிப் பக்கம்."

"எப்போ?"

"போன வாரம்."

"போன வாரம்" என்று ஊல்ஜான் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். டப்பா இருந்த அலமாரியை ஒருமுறை பார்த்தாள். கோட்டுப் பித்தானை மறுபடி போட்டுக்கொண்டு, டப்பாவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, வந்த வழியே போய்விட்டாள். வியாழக்கிழமை வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

இனிச் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று பெர்மெட் நினைத்தாள். குற்றமில்லாதவள் டப்பாவை ஏன் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்? மாக்சத்துக்கு வருகிறேன் என்று போனில் தட்டினாள். அனுப்பவில்லை. ஈசலைப் பார்த்தாள். அந்த அம்மா எந்த நாட்டில், எந்தப் பேரில் இருக்கிறாளோ. தட்டியதை அழித்தாள். மறுபடி தட்டினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் தாண்டிக் கதவு தட்டப்பட்டது. அறுபதை நெருங்கும் கனத்த மனிதர். நான்கு மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பெயர் கெரிம்பெக் என்றார், ஊல்ஜான் இருக்கிறாளா என்று கேட்டார். இல்லை என்றாள். வாடிக்கையாளரா, போலீஸா என்று அவள் கண் அவருடைய பூட்ஸையும் கோட்டையும் அளந்தது. இரண்டுக்கும் பொருந்தினார்.

அவர் அவளைத் தாண்டி ஈசலைப் பார்த்தார். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து, வண்ணம் காயாத ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இவளை உனக்கு எப்படித் தெரியும்?"

"யாரையும் எனக்குத் தெரியாது, பைகே. சும்மா மனசுல தோணுச்சு, வரைஞ்சேன்."

"சும்மா தோணினா அந்தப் பல்லு வருமா?"

டப்பாவைத் தான் தொட்டதேயில்லை, எதையும் பார்க்கவில்லை, ஒப்பந்தத்தில் கையெழுத்து மட்டும்தான் தன்னுடையது என்று பெர்மெட் மனதுக்குள் வாக்குமூலம் தயாரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் விசாரிக்கவில்லை. அந்தப் பல் உடைந்த கதையைச் சொன்னார். புதுக் கல்யாணம், அவர் கொட்டகைக் கதவை வேகமாகத் தள்ளினார், அந்தப் பக்கம் அவள் வாளியோடு நின்றிருந்தாள். "அதுலேருந்து கையை வெச்சு மறைச்சுக்கிட்டுத்தான் சிரிப்பா. முப்பது வருஷம். கட்டின நானே முழுசாப் பாத்ததில்ல. நீ கையை எடுத்துவிட்டுட்ட."

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்று பெர்மெட் கேட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பைத்தியமா, துடுக்கா என்று தெரியாமல் பார்ப்பது போல் இருந்தது. "ஊல்ஜான் வரட்டும்" என்றார்.

நல்லவேளை, ஊல்ஜான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அவரைப் பார்த்து அவள் அதிர்ச்சியடையவில்லை, அலுத்துக்கொண்டாள். நேற்று அவர் வீட்டுக்கே போய், ஒரு பெண் தெரியாமல் உங்கள் மனைவி ஜூராவின் முகத்தை வரைந்துவிட்டாள், வேறு யாராவது சொல்லிக் காதில் விழுவதற்குள் நானே சொல்கிறேன் என்று சொன்னவள் அவள்தான். வந்து பார்க்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தாள். நீ சொல்லிவிட்டுப் போனதிலிருந்து வீட்டில் உட்கார முடியவில்லை என்றார் அவர். பிறகு பெர்மெட் பக்கம் தலையை அசைத்து, இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாதா என்று கேட்டார். யாருக்குமே சொன்னதில்லை என்றாள் ஊல்ஜான்.

அவர் எழுந்தார். கோட்டின் பின்புறம் நீல வண்ணம் அப்பியிருந்தது. அவரிடம் அதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"நீ செய்யுறதுல வாய் மூடியே இருக்கட்டும் ஊல்ஜான். அவ அம்மா அப்படித்தான் கேட்டாங்க, மாத்த வேண்டாம். இது இங்கயே இப்படியே இருக்கட்டும்."

ஈசலுக்கு முன் நின்று இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டார். தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

படத்தில் சிரிக்கிறவள் எந்த நாட்டுக்கும் போகவில்லை, உயிரோடே இல்லை என்று பெர்மெட்டுக்கு அப்போதுதான் விளங்கியது. ஓஷ் பஜார், காய்கறிப் பக்கம், போன வாரம் என்று தான் சொன்னது ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தது. டப்பாவைத் திறந்ததை ஒப்புக்கொண்டாள். பாஸ்போர்ட் என்று நினைத்ததையும் சொன்னாள். ஊல்ஜான் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.

"பாஸ்போர்ட்டா? அதுல இதைவிட நல்லாக் காசு வரும்" என்றாள்.

மேஜை மேல் போன் அதிரத் தொடங்கியது. மாக்சத். ஐந்து மணி ஆக இன்னும் நேரம் இருந்தது, ஆனால் அவனுக்குப் பொறுமை போதாது. பெர்மெட் எடுக்கவில்லை. போனைக் கவிழ்த்துப் போட்டாள், அது கவிழ்ந்தபடியே மேஜையில் நகர்ந்து நகர்ந்து அதிர்ந்தது.

"எஜே, அவனுக்கு நான் இன்னிக்குப் பதில் சொல்லணும். குதிரை வித்துப் பிழைக்கிறேன்னு மட்டும் சொல்லாதீங்க. நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன், வராது. பன்னெண்டு வருஷமா உங்களுக்கு ரொட்டி எங்கேருந்து வருது?"

ஊல்ஜான் போய் நடைவழிக் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவிலேயே சாய்ந்து நின்றாள். கீழ்மாடி ஓவியர்களுக்குத் தெரிந்தால் அடுத்த கண்காட்சியில் படம் மாட்டச் சுவர் கிடைக்காது என்றாள். அதுகூடப் பரவாயில்லை, கல்யாண வீட்டுக்காரர்கள் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்றாள். இந்தக் கை அதையும் செய்கிறது என்று தெரிந்த பிறகு எந்த மணப்பெண் தன் படுக்கையறையில் இதே கை வரைந்த குதிரையை மாட்டுவாள்?

போன் அதிர்ந்து ஓய்ந்தது. ஊல்ஜான் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டாள், சாம்பல் தூள் போகவில்லை. பிறகு நிமிர்ந்து பெர்மெட்டின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"செவ்வாயும் சனியும் நான் கல்லறைக் கல்லுல செத்தவங்க முகத்தைக் கொத்துறேன், பெர்மெட். மிச்ச அஞ்சு நாளும் அந்த ரொட்டியைத் தின்னுட்டுத்தான் வரையுறேன்."